கியர் கத்தியது, நான் கிளட்சை மாற்றினேன்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை விடிகாலை. கோவையில் எங்கள் சந்திலிருந்து வெளியே வந்து மெயின் ரோட்டில் திரும்புவதற்காக மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கினேன். 'கர்ரக்' என்று ஒரு சத்தம். மிக்சி ஜாருக்குள் ஸ்பூன் விழுந்துவிட்டதே தெரியாமல் சுவிட்சைப் போட்டால் ஒரு சத்தம் வருமே, அது மாதிரி. லீவர் வழியாக உள்ளங்கை வரைக்கும் அதிர்ந்தது. குளிர் நேரம், வண்டியும் ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார், 71,000 கி.மீ. ஓடியது, நான் வாங்கியதே இரண்டாம் கையாக. 'சரி, சூடானால் சரியாகிவிடும்' என்று நினைத்தேன். சூடானதும் சரியாகவும் ஆனது. அதனால் அடுத்த ஒரு மாதம் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கணவர் மஸ்கட்டில் வேலை. அம்மா வால்பாறையில் தனியாக இருக்கிறார், எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி அவரைப் பார்க்கப் போவேன். அந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் இரண்டாம் கியருக்கு இறக்கித்தான் ஆக வேண்டும். ஏறும்போது 40, இறங்கும்போது 40. மூன்று வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். என் வண்டியில் எது முதலில் தேயும் என்று ஆரம்பத்திலேயே யாராவது கேட்டிருந்தால் பதில் இதற்குள்ளேயே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பொங்கல் முடிந்ததும் இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. அலுவலக பார்க்கிங்கில் ரிவர்ஸ் போடும்போது வருவது. முதல் சத்தத்துக்கும் இதற்கும் காதில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் 'கரகர'தான். அதனால் இரண்டும் ஒரே நோய் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் செய்த முதல் தப்பு இதுதான். உங்கள் வண்டியில் கியர் கத்தினால் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் ஒரு வாரம் மொபைலில் குறித்து வையுங்கள்: எந்த கியர், ஏற்றும்போதா இறக்கும்போதா, வண்டி நின்றிருந்ததா ஓடிக்கொண்டிருந்ததா, இன்ஜின் சூடாக இருந்ததா இல்லையா. நான் குறித்திருந்தால் இரண்டாவது கியர் ஓடும்போது மட்டும், அதுவும் காலையில் அதிகமாகக் கத்துகிறது, ரிவர்ஸ் நின்றுகொண்டிருக்கும்போது எந்த நேரத்திலும் கத்துகிறது என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

முதலில் போனது ஏசி ஹாலும் காபி மிஷினும் உள்ள ஒரு பெரிய ஒர்க்ஷாப். பெயர் வேண்டாம். அங்கே இருந்த தம்பி வண்டியை காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் போயிடுச்சு மேடம். லேடீஸ் ஓட்டுற வண்டியில கிளட்ச் சீக்கிரம் போயிடும்ங்க, கால அதுலயே வெச்சிருப்பாங்க" என்றான். நான் கிளட்சில் கால் வைத்து ஓட்டுகிற ஆள் இல்லை. இடது கால் எப்போதும் ஓரத்தில்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் வாய் வரவில்லை. வெட்கமா, 'நமக்கு என்ன தெரியும்' என்ற பயமா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட், லேபர் எல்லாமாக 14,600 ரூபாய். இரண்டு நாள் ஆட்டோவில் வேலைக்குப் போனேன்.

கிளட்ச் தேய்ந்தால் சாதாரணமாக என்ன ஆகும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பிளேட் தேய்ந்தால் வண்டி வழுக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. மேட்டில் இது நன்றாகத் தெரியும். என் வண்டி ஒரு மேட்டிலும் வழுக்கியதில்லை. கிளட்சால் கியர் கத்தினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானது. கிளட்ச் பிடிக்காமல் போவதல்ல, மிதித்தால் முழுசாக விடாமல் இருப்பது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் 14,600 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த பில்லில் ஒரு வரி இருந்தது: 'பிரேக் ஆயில் டாப்-அப், 180 ரூபாய்'. நோய் அந்த வரியில் இருந்தது, நான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தேன். ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற கிளட்ச் உள்ள பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. பிரேக் பேட் தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான். ஆனால் டாப்-அப் செய்கிற அளவுக்கு இறங்கினால், 'எங்கே போயிற்று?' என்று கேட்டே ஆக வேண்டும்.

வண்டி வந்து இரண்டு வாரம் ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுந்தது. இரண்டாம் கியர் மட்டும் காலையில் லேசாக முனகியது, புது பிளேட் செட் ஆக நாள் ஆகும் என்றார்கள். மூன்றாவது வாரம் இரண்டும் திரும்பி வந்தன. அன்று ராத்திரி கணவரிடம் போனில் அழுதுவிட்டேன். பணம் போனதற்கு இல்லை. அந்தத் தம்பி சொன்னதை நம்பி, என் இடது காலை நானே சந்தேகப்பட்டுக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டியிருந்தேன், அதற்கு. மறுபடி போய்க் கேட்டேன். மாற்றிய பழைய பிளேட்டையாவது காட்டுங்கள் என்றேன். ஸ்கிராப்பில் போய்விட்டதாம். அது உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலை கொடுக்கும்போதே 'பழைய பார்ட்ஸ் எல்லாம் டிக்கியில் போட்டு வையுங்கள்' என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள்.

அடுத்து அலுவலகத்தில் ஒருவர் சொன்ன ஒரு ஷெட். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, அந்த வரைக்கும் நல்லவர். "கியர்பாக்ஸ் முழுசா போயிருக்குங்க. உக்கடத்துல பழசு ஒண்ணு பார்த்து மாட்டிக்கலாம், இல்லைன்னா இப்போதைக்கு கெட்டி ஆயில் ஊத்தி ஓட்டுங்க, சத்தம் அமுங்கிடும்" என்றார். பழைய கியர்பாக்ஸை வாங்கி மாட்டிக்கொள்ளப் பயமாக இருந்தது. எவன் எப்படி ஓட்டிய பாக்ஸோ. கெட்டி ஆயிலுக்குத் தலையாட்டினேன். 2,350 ரூபாய்.

அவர் ஊற்றியது கிரவுன் ஆயில், ஜிஎல்-5 தரம். என் வண்டி கையேட்டில் இருப்பது 75டபிள்யூ-90, ஜிஎல்-4. 'எண் ஒன்று கூடினால் நல்லதுதானே' என்று நானே நினைத்தேன். நல்லதில்லை. ஜிஎல்-5 என்பது ஆக்சிலில் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்திச் சறுக்குகிற இடத்துக்காகச் செய்த ஆயில். கியர்பாக்ஸுக்குள் சில பாகங்கள் வழுக்கவே கூடாது, உரசிப் பிடித்தால்தான் அவற்றுக்கு வேலை. அதிலுள்ள கந்தகம் கலந்த சேர்மானங்கள் சில பித்தளைப் பாகங்களை அரிக்கவும் செய்யும். எல்லா வண்டிக்கும் ஜிஎல்-4தான் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அது. டின்னை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். எனக்கு அந்த ஆயிலில் நடந்தது இதுதான்: காலை நேரத்தில் லீவர் களிமண்ணுக்குள் போவது போல இறுகியது, சத்தம் பகலிலும் வர ஆரம்பித்தது.

பிப்ரவரி கடைசியில் அது நடந்தது. வால்பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தேன், 23ஆவது வளைவு. இரண்டாம் கியருக்கு இறக்கக் கிளட்சை மிதித்தேன், பெடல் தரைக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. லீவர் நியூட்ரலுக்கு வந்துவிட்டது, இரண்டுக்குள் போக மாட்டேன் என்று அலறியது. வண்டி நின்று பின்னால் உருளப் பார்த்தது. பிரேக்கை மிதித்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தேன். கை நடுக்கம் நிற்கவே இல்லை. மேலே பாறையில் ஒரு வரையாடு நின்று இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் போட்டோ எடுத்திருப்பேன்.

கீழே இறங்கி வந்த ஒரு கொழுந்து லாரிக்காரர் நிறுத்தினார். பானெட்டைத் திறந்து டப்பாவைப் பார்த்தார், ஆயில் அடிக்கோட்டுக்கும் கீழே. அவர் கேபினில் பாதி பாட்டில் பிரேக் ஆயில் இருந்தது, ஊற்றினார். "பெடலைக் கையால தூக்கி விட்டு விட்டு அமுக்கும்மா, ஒரு இருபது வாட்டி" என்றார். செய்தேன். பாதி உயரத்துக்குப் பெடல் எழும்பியது. அது எழும்பாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது என்று அவர் சொல்லிக் கொடுத்தார்: இன்ஜினை நிறுத்தி முதல் கியரைப் போட்டுவிட்டு, அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் வண்டி குதித்துக் கிளம்பிவிடும். எல்லா வண்டியிலும் இது முடியாது, கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் இருக்கின்றன. வண்டியை ஓரம் கட்டவோ ரயில்வே கேட் மாதிரி இடத்திலிருந்து நகர்த்தவோ உதவும், அவ்வளவுதான். அன்று மீதி 17 வளைவையும் முதல் கியரிலேயே ஏறினேன். பின்னால் பெரிய ஊர்வலமே சேர்ந்துவிட்டது.

பிரேக்கும் அதே டப்பா என்பது நினைவுக்கு வந்ததும் வயிறு கலங்கியது. கிளட்சுக்குப் போகிற குழாய் பெரும்பாலும் டப்பாவின் மேல்பக்கத்தில் இருக்கும், அதனால் கிளட்ச் ஆயில் முழுக்க ஒழுகினாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும் என்று வீட்டுக்குப் போனதும் பெரிய மாமா ஆறுதல் சொன்னார். மாமா எழுபதுகளில் எஸ்டேட் லாரி ஓட்டியவர். அவருக்குத் தெரிந்த பையன் ஒருவனை வரவழைத்து, கிளட்ச் லைனில், அதாவது ஆயில் போகிற குழாயில், புகுந்த காற்றை எடுத்துவிட வைத்தார். அப்போது நான் இரண்டாம் கியர் கதையையும் சொன்னேன். மாமா சிரித்தார். "நீ டபுள் கிளட்ச் அடிச்சுப் பார்த்தியா கண்ணு?"

அவர் ஓட்டிய பழைய லாரியில் கியர் தானாகச் சேராது, ஓட்டுகிறவன்தான் சேர்க்க வேண்டும். முறை இதுதான்: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வா, கிளட்சை விடு, ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டு, மறுபடி கிளட்சை மிதித்து இரண்டைப் போடு. அடுத்த நாள் காலை எஸ்டேட் ரோட்டில் மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். முதல் மூன்று தடவை மாமா தலையில் அடித்துக்கொண்டார். நாலாவது தடவை இரண்டாம் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. "அப்ப பல்லு நல்லா இருக்கு. உள்ள சேர்த்து வைக்கிற ரிங்குதான் போயிருக்கு" என்றார் மாமா. கூலி இல்லாமல், ஸ்பேனர் எடுக்காமல் கிடைத்த ரிப்போர்ட்.

திங்கட்கிழமை மெதுவாக இறங்கிப் பொள்ளாச்சியில் மாமா சொன்ன ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைத் தொடுவதற்கு முன்னால், "எப்பெப்ப சத்தம் வருதுங்க?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் அந்தக் கேள்வியை அப்போதுதான் முதல்முறை கேட்கிறேன். அப்புறம் அவர் செய்த நாலு விஷயத்தை யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலிலேயே செய்யலாம். முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்த்தார். எல்லாம் விழுந்தன. அப்படியென்றால் லீவர், கேபிள், அதன் முனையிலிருக்கும் புஷ் எல்லாம் சரி. இன்ஜின் ஓடாதபோதே கியர் விழாமல் சிக்கினால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான், செலவும் குறைவு. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுசாக மிதித்தபடி மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடச் சொன்னார். பல வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சேர்த்து வைக்கும் ரிங்கே கிடையாது, கிளட்சை மிதித்த பிறகும் உள்ளே ஷாஃப்ட் ஓரிரு நொடி சுற்றிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுப் போட்டால் நல்ல வண்டியும் ஒரு தடவை கத்தும். ஆனால் பத்து எண்ணிய பிறகும் கத்தினால் ஷாஃப்ட் நிற்கவில்லை, கிளட்ச் விடவில்லை என்று அர்த்தம். என் வண்டி கத்தியது. மூன்றாவது, பெடலை நாலைந்து முறை வேகமாக அமுக்கிவிட்டு ரிவர்ஸ் போடச் சொன்னார். இப்போது கத்தவில்லை. "லைன்ல காத்துங்க" என்றார். கடைசியாக கியர்பாக்ஸ் மேல் உட்கார்ந்து, பெடலிலிருந்து வரும் ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்க்ரூடிரைவர் முனையால் மடக்கினார். சொட்டுச் சொட்டாக ஆயில் வடிந்தது.

அவ்வளவுதான். இருபது நிமிஷம். முதல் ஒர்க்ஷாப்பில் கிளட்ச் மாற்றிவிட்டு லைனில் காற்றெடுத்ததால்தான் அந்த இரண்டு வார சொர்க்கம். ஒழுகுகிற சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டார்கள். புது ஸ்லேவ் சிலிண்டர், டாட் 4 பிரேக் ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். சில வண்டிகளில் இந்தச் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும், அதற்குப் பாக்ஸை இறக்க வேண்டும். என் அதிர்ஷ்டம், வெளியே இருந்தது.

ரிவர்ஸ் கதை முடிந்தது. இரண்டாம் கியருக்கு, கியர் ஆயிலை இறக்கிப் பார்க்கலாம் என்றார். இறக்குவதற்கு முன்னால் மேலே ஆயில் ஊற்றுகிற போல்ட்டைக் கழற்றி வைத்துக்கொண்டார். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், கீழே எல்லாம் வடிந்த பிறகு எப்படி ஊற்றுவது? கீழ் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பசை. அது எல்லா வண்டியிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். இரும்புத் துண்டுகள் இருந்தால்தான் பல் உடைகிறது. ஆனால் ஆயிலைத் தட்டில் ஊற்றி வெயிலில் காட்டினார், அதில் பொன்துகள் தூவினாற்போல மினுக்கம். பித்தளை. மாமா சொன்ன அந்தச் சேர்த்து வைக்கிற ரிங், அதாவது சின்க்ரோனைசர் ரிங், பெரும்பாலும் பித்தளையில்தான் இருக்கும். ஒவ்வொரு தடவை கியர் போடும்போதும் அந்த ரிங் கியரின் கூம்பு மேல் உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும், அதற்கப்புறம்தான் பற்கள் சேரும். அதன் உள்பக்கம் மெல்லிய வரிகள் உண்டு, ஆயில் படலத்தைக் கிழித்து உரசுவதற்கு. வரிகள் மழுங்கினால் ரிங் ஆயில் மேல் வழுக்குகிறது, வேகம் ஒன்றாவதற்குள் பல்லும் பல்லும் மோதுகின்றன, அதுதான் 'கர்ரக்'. காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது அதிகமாகக் கத்தியது ஏன், வழுக்குகிற கிரவுன் ஆயில் ஊற்றியதும் பகலிலும் கத்தியது ஏன் என்று எல்லாம் ஒரே நிமிஷத்தில் விளங்கியது. காரில் இந்த ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தது 1928இல் கேடிலாக். அதற்கு முன்னால் கார் ஓட்டியவர்கள் பலரும் மாமா மாதிரித்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

சரியான ஆயிலை ஊற்றியதற்கு 1,450. ரிங்கை அன்றே மாற்றக் கையில் பணம் இல்லை. "டபுள் கிளட்ச் போட்டு ரெண்டு மூணு மாசம் தாராளமா ஓட்டலாம். கத்தவிட்டு ஓட்டுனீங்கன்னா பல்லும் சேர்ந்து போயிடும்" என்றார். அப்படியே ஓட்டி, மே மாதம் பாக்ஸை இறக்கினோம். இரண்டாம் கியர் ரிங், அதோடு சேர்ந்த ஹப், ஆயில் சீல்கள், புது ஆயில், லேபர் எல்லாம் 12,800. அந்த மனுஷர் பாக்ஸை இறக்கிக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: "கிளட்ச் மாத்துறப்ப இதை எப்படியும் இறக்கியிருப்பாங்களே, அப்பவே பார்த்திருக்கலாமேங்க." அதே பாக்ஸ், அதே போல்ட்டுகள், இறக்கி ஏற்ற இரண்டு தடவை கூலி. கிளட்ச் மாற்றச் சொல்லும் யாரிடமும், பாக்ஸ் கீழே இருக்கும்போது வேறு என்னவெல்லாம் பார்த்துவிடலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மொத்தம் 33,100 ரூபாய். அதில் ஸ்லேவ் சிலிண்டரும் ரிங்கும் மட்டும் தேவைப்பட்டவை, 14,700. மீதி 18,400 நான் கேள்வி கேட்காததற்கு. ஐந்து மாதமும் ஆறு நாள் லீவும் தனி.

முழுப் பழியையும் அடுத்தவர் மேல் போட மனசு வரவில்லை. கழற்றிய ரிங்கை என் கையில் கொடுத்துவிட்டு, "மேடத்தோட கையும் கொஞ்சம் காரணம்ங்க" என்றார் மெக்கானிக். என்னோடு ஒரு ரவுண்டு வந்தபோதே கவனித்திருக்கிறார். வளைவில் பிரேக் பிடித்து வேகம் குறைவதற்கு முன்னாலேயே நான் லீவரை இரண்டுக்குள் தள்ளுகிறேன். 40 கி.மீ. வேகத்தில் அவசரமாகத் தள்ளினால் அந்தச் சின்ன ரிங்தான் எல்லா வேகத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. முதலில் பிரேக், வேகம் இறங்கிய பிறகு கியர், லீவரை நியூட்ரலில் அரை நொடி நிறுத்தி, விரல் நுனியால் தள்ளினால் போதும். சும்மா இருக்கும்போது கையை லீவர் மேல் வைத்திருக்கும் பழக்கமும் எனக்கு உண்டு, உள்ளே கியரை நகர்த்துகிற ஃபோர்க் அதில் அழுந்தித் தேயும் என்றார். கால் என்று பழி வந்தது, கடைசியில் பார்த்தால் கை.

கத்துவது வேறு, இரைவது வேறு என்பதையும் அவர்தான் சொன்னார். நியூட்ரலில் நிற்கும்போது ஒரு இரைச்சல் இருந்து, கிளட்சை மிதித்ததும் அது நின்றால் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போதுதான் இரைச்சல் ஆரம்பிக்கிறது என்றால் ரிலீஸ் பேரிங். இதில் எதுவும் எனக்கு வரவில்லை, வராமலே இருக்கட்டும்.

ஜூனிலிருந்து மூன்று தடவை ஏறிவிட்டேன். டபுள் கிளட்ச் இப்போது தேவையில்லை, ஆனாலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது கை தானாக நியூட்ரலில் ஒரு கணம் நிற்கிறது. பின்னால் வருகிற ஜீப்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.